காற்றுக்குக் கொடுத்த காசு: ஒரு தோட்டப்புற ஊரின் தீபாவளிப் பொட்டலங்கள்

தராசில் இரண்டே கால் கிலோ. ரசீதில் ஆறு கிலோ. 2024 தீபாவளிக்கு முந்தின வாரங்களில், கூரியருக்குப் பொட்டலம் வாங்கும் எங்கள் கடை முகப்பில் எழுந்த சச்சரவில் பாதி இந்த இரண்டு எண்களைப் பற்றித்தான். "முறுக்குக்குப் போட்ட சாமான் செலவை விட அனுப்புற செலவு அதிகமா இருக்கே, தங்கச்சி" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய், அடுத்த வருடத் தீபாவளிக்குள் பொட்டலம் கட்டும் முறையையே மாற்றிவிட்டோம். என்ன மாற்றினோம், எது பலித்தது, எது பல்லிளித்தது என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இதே சிக்கல் மற்ற தோட்டப்புற ஊர்களிலும் இருக்கும்.

எங்கள் ஊர் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை. 2007 முதல் அரசாங்கப் பதிவில் பெஸ்தாரி ஜெயா. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டி, சுற்றிலும் செம்பனை சூழ்ந்த ஊர். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் என்று சொல்லப்படும் தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் போட்டது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்தவர்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தாமானிலும் இல்லை. ஜொகூர் பாரு, சிங்கப்பூர், பினாங்கு தொழிற்சாலைகள், சிலர் சரவாக்கின் பிந்துலு வரைக்கும் போயிருக்கிறார்கள். ஷிப்ட் வேலையில் இருப்பவர்களுக்குத் தீபாவளி லீவு என்பது உறுதியில்லை. சரவாக்கில் தீபாவளி பொது விடுமுறையே கிடையாது. பிள்ளை வர முடியாத வீட்டில், பலகாரம்தான் பிள்ளையைத் தேடிப் போக வேண்டும்.

எங்களுடையது எழுதுபொருள் கடை. போட்டோஸ்டாட், லேமினேட், அப்புறம் சில கூரியர் நிறுவனங்களுக்காகப் பொட்டலம் வாங்கி வைக்கும் வேலை. அந்த முகப்பில் நிற்பதால் ஊரில் யார் யாருக்கு என்ன அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தாமானில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ஆர்டர் எடுத்துப் பலகாரம் சுடுகிறார்கள். சங்கம், பதிவு என்று ஒன்றும் இல்லை. நடத்துகிறவரை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். பால்மரம் வெட்டிய கை. இன்றைக்கும் நாலரை மணிக்கு எழுந்துவிடுகிற ஆள். இந்த ஆய்வில் பாதி மூளை அவருடையது.

பிரித்துப் பார்த்த ஒரு பெட்டி

ஜொகூருக்குப் போன ஒரு பெட்டி, வாங்க ஆள் இல்லாமல் தீபாவளி முடிந்து திரும்பி வந்தது. அனுப்பிய வீட்டம்மாவே "இனிமே இதை என்ன செய்றது, திறந்து பாருங்க" என்றார். திறந்தோம். பிரேதப் பரிசோதனை என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியே மேகி மீ வந்த அட்டைப்பெட்டி. அளந்தால் நீளம் 40, அகலம் 30, உயரம் 25 செ.மீ. உள்ளே சிவப்பு மூடி போட்ட வட்டமான பலகார பாலாங் (ஜாடி) நான்கு. ஒவ்வொன்றுக்கும் பபள்ராப் (காற்றுக் குமிழ் பிளாஸ்டிக் தாள்) மூன்று சுற்று. இடைவெளியில் கசக்கிய பளபளத் தாள். நடுவில் ஒரு கண்ணாடிப் போத்தலில் மாங்காய் ஊறுகாய். அடியில் மகனுக்கு ஒரு சட்டை, மடித்து, கடைப் பையோடு.

பாலாங் ஒன்றுகூட உடையவில்லை. உள்ளே இருந்த முறுக்குதான் பொடி. அச்சு முறுக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ரவை பதத்தில் இருந்தது. ஊறுகாய்ப் போத்தலும் உடையவில்லை; வெக்கையில் எண்ணெய் இளகி, மூடியின் மரை வழியாகக் கசிந்து, பெட்டியின் அடியை நனைத்திருந்தது. அந்த மூலை கையை வைத்தாலே உள்ளே போனது. சட்டையில் மஞ்சள் கறை.

மூன்று சுற்று பபள்ராப் பாதுகாத்தது பாலாங்கைத்தான், பலகாரத்தை அல்ல. முறுக்கு உடைந்தது பாலாங்குக்குள். மேலே இரண்டு விரல் இடம் காலி. லாரி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் முறுக்கு எழும்பி விழுந்திருக்கிறது. வெளியே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் உள்ளே நடக்கும் அந்த ஆட்டத்தை நிறுத்த முடியாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டதும் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிட்டது.

(பபள்ராப் பொருளைப் பாதுகாக்கக் கண்டுபிடித்ததே அல்ல. 1957இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் போய்க் கிடைத்தது. சுவருக்கு யாரும் வாங்கவில்லை. அதனால் இன்றைக்கு நம் தலையில்.)

ஆறு கிலோ எங்கிருந்து வந்தது

கூரியர் நிறுவனங்கள் பொட்டலத்தை இரண்டு விதமாக எடை போடுகின்றன. ஒன்று தராசு எடை. இன்னொன்று அது லாரியில் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கான எடை: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.இல் பெருக்கி, சில நிறுவனங்கள் 5000ஆல் வகுக்கும், சில 6000ஆல். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. இதைக் கன எடை என்று வைத்துக்கொள்வோம்.

அந்த மேகிப் பெட்டிக்குக் கணக்குப் போடுங்கள். 40 பெருக்கல் 30 பெருக்கல் 25, மொத்தம் 30,000. 5000ஆல் வகுத்தால் 6 கிலோ. 6000ஆல் வகுத்தால் 5 கிலோ. உள்ளே இருந்ததோ இரண்டே கால். மிச்சம் மூன்றே முக்கால் கிலோவுக்கு அந்த வீட்டம்மா கட்டிய காசு காற்றுக்கும் பபள்ராப்புக்கும் போனது. கூரியர்காரரைத் திட்டியும் பயனில்லை. அவர் லாரியில் அந்த இடத்தில் வேறு பொட்டலம் வைக்க முடியாது, உண்மைதான்.

சுற்றுச்சூழல் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொருளில் ஆரம்பிக்கிறார்கள்: பிளாஸ்டிக்கா, தாளா, மக்குமா, மக்காதா என்று. என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. பெட்டி எவ்வளவு பெரியது என்பதுதான் முதல் கேள்வி. பெட்டி சிறுத்தால் அட்டை குறைகிறது, நிரப்பும் பொருள் குறைகிறது, டேப்பு குறைகிறது, லாரியில் இடம் குறைகிறது, ரசீதிலும் குறைகிறது. காசும் குப்பையும் ஒன்றாகக் குறைகிற இடம் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் பச்சைக்குப் பச்சை நோட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பால் டின் பெட்டி

2025இல் தீபாவளி அக்டோபர் 20. ஆகஸ்டு மாதமே பெரியக்காவும் நானும் சாமான் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) போய்ப் பேசினோம். பழைய அட்டையை எடைக்குப் போட்டால் அவருக்குக் கிலோவுக்குச் சில பத்துக் காசுதான் கிடைக்கும். முறுக்கு ஒரு பொட்டலம் கொடுத்ததும் தனியாக எடுத்து வைக்கச் சம்மதித்தார்.

எந்தப் பெட்டி என்பதில்தான் விஷயம். மேகிப் பெட்டி பெரியது, மெலிந்தது. எடையில்லாத சரக்குக்காகச் செய்தது. எண்ணெய்ப் பாக்கெட் வந்த பெட்டி வேண்டவே வேண்டாம், எப்படியும் ஒரு பாக்கெட் கசிந்திருக்கும். எண்ணெய் ஏறிய அட்டைக்கு வலுவும் போச்சு, பிறகு மறுசுழற்சிக்கும் ஆகாது. எங்கள் கைக்குச் சரியாக அமைந்தது கெட்டிப்பால் டின் வந்த பெட்டி. 24 டின்னைத் தாங்கச் செய்தது, அதாவது பத்துக் கிலோவுக்கு மேல் சுமந்து பழகியது. இரண்டு கிலோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 30, 22, 16 செ.மீ. பெருக்கினால் 10,560. 5000ஆல் வகுத்தால் 2.1 கிலோ. முன்பு ஆறு கிலோவுக்குக் கட்டிய அதே பலகாரத்துக்கு இப்போது தராசு எடைக்கு மட்டும் கட்டினால் போதும்.

கன எடை தராசு எடைக்குக் கீழே வந்துவிட்டால் அதற்குமேல் பெட்டியைச் சுருக்கி லாபமில்லை. ஆனால் வெறும் முறுக்கும் ஓமப்பொடியும் போகிற பொட்டலம் ஒன்றேகால் கிலோதான் இருக்கும். அதற்கு இந்தப் பெட்டியும் பெரிது. அப்போது வெட்ட வேண்டும்.

வெட்டுவது கஷ்டமில்லை. பெட்டியில் சாமானை அடுக்கிவிட்டு, சாமான் முடிகிற உயரத்தில் நான்கு பக்கமும் உள்ளே பென்சிலால் கோடு. சாமானை வெளியே எடுத்து, கோட்டின் மேல் ரூலரை வைத்து, எவர்சில்வர் கரண்டியின் காம்பால் அழுத்தி இரண்டு தரம் இழுக்க வேண்டும். கத்தி வேண்டாம், கத்தி அட்டையை அறுக்கும், கரண்டி அதை மடங்கப் பழக்கும். பிறகு நான்கு மூலைகளையும் மேலிருந்து அந்தக் கோடு வரைக்கும் கத்தரித்தால், பக்கங்கள் புது மடலாக மடியும். பழைய மடல்களை வெட்டி எடுத்து உள்ளே தடுப்பாக வைத்துக்கொள்ளலாம். 16 செ.மீ. உயரத்தை 10ஆக இறக்கினால் கன எடை 1.3 கிலோ. பெரியக்காவின் பேத்தி படிவம் இரண்டு படிக்கிறாள். அவள் கை பழகியதும் ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தடுப்பு வைக்கும்போது அட்டைக்குள் இருக்கும் நெளிவரிகள் நிமிர்ந்து நிற்கும்படி வைக்க வேண்டும். படுத்தவாக்கில் வைத்தால் பாரம் தாங்காது.

பழைய பெட்டியில் ஒரு ஆபத்து உண்டு: முன்பு ஒட்டிய பார்கோடு. தரம் பிரிக்கும் கருவிக்குப் பழசு எது, புதுசு எது என்று தெரியாது. கிழித்துவிடுங்கள், வரவில்லை என்றால் கறுப்பு மார்க்கரால் முழுக்க அடியுங்கள். பெறுநரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு துண்டுத் தாளைப் பெட்டிக்குள்ளும் போடுவது நல்லது. மேலே ஒட்டியது மழையில் பிய்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.

இடுக்கை நிரப்பியது எது

வட்டப் பாலாங்கைக் கைவிட்டோம். வட்டத்தைச் சதுரத்துக்குள் வைத்தால் நான்கு மூலையும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் வீண். அதற்குப் பதில், சாப்பாடு தாப்பாவ் செய்யும் (கட்டி வாங்கும்) நீள்சதுர டப்பா. எல்லார் வீட்டிலும் அலமாரியைத் திறந்தால் தலையில் விழுகிற அளவுக்குச் சேர்ந்திருக்கும். கழுவி, வெயிலில் காய வைத்து, குழம்பு வாடை இல்லை என்று முகர்ந்து பார்த்து எடுத்துக்கொண்டோம். கறை பிடித்ததும் கீறல் விழுந்ததும் பலகாரத்துக்கு ஆகாது. அதில் அகல் விளக்கு போனது.

முறுக்கு ஆடாமல் இருக்க என்ன செய்வது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியக்கா ஒரு பிடி ஓமப்பொடியை அள்ளி முறுக்கு டப்பாவின் இடுக்கில் தூவினார். "இதுவும் போறதுதானே? தனியா எதுக்கு டப்பா?" அவ்வளவுதான். எனக்கு இந்த ஆய்விலேயே பிடித்த இடம் இது. உடைகிற பலகாரத்துக்கு உடையாத பலகாரம் மெத்தை. கைமுறுக்கை நிமிர்த்தி வரிசையாக அடுக்கி, இடுக்கில் ஓமப்பொடி. டப்பாவுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் சந்தில், தாள் பையில் கட்டிய கச்சான் பூத்தே. ஈப்போ புந்தோங்கில் இருந்து வாங்கி வருகிற அந்தக் கடலை வகைகள் எங்கள் பக்கத்திலும் தீபாவளிக்குக் கட்டாயம் உண்டு. சின்னச் சின்னப் பையாகக் கட்டினால் மணல் மூட்டை மாதிரி எந்தச் சந்திலும் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். நிரப்புவதற்கென்று தனியாக எதையும் வாங்கவில்லை, தூக்கிப் போடவும் ஒன்றும் மிஞ்சவில்லை.

துணியும் அப்படித்தான். வேட்டி, ஜிப்பா, துண்டு, புடவை எதுவாக இருந்தாலும் கடைப் பையில் இருந்து எடுத்து, டப்பாவைச் சுற்றிப் போர்த்திவிட்டால் அதுவே குஷன். ஆனால் துணிக்கும் பலகாரத்துக்கும் நடுவில் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பை கட்டாயம். அந்த மஞ்சள் கறைச் சட்டையை நாங்கள் மறக்கவில்லை.

அகல் விளக்கைப் படுக்க வைத்து அடுக்கக் கூடாது. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நடுவில் தாள் வைத்து, உருளையாகச் சுற்றி, விளிம்பில் நிற்கிற மாதிரி வைக்க வேண்டும். பீங்கான் தட்டுக்கும் இதே விதி. மேலிருந்து அடி விழுந்தால் நிற்கும் தட்டு தாங்கும், படுத்த தட்டு விரிசல் விடும்.

செய்தித்தாள் கிடைப்பது வருடா வருடம் குறைகிறது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. மற்ற பத்திரிகைகளையும் இப்போது போனிலேயே படித்துவிடுகிறார்கள். கிடைத்த தாளை விளக்குக்கும் தட்டுக்கும் மட்டும் ஒதுக்கினோம். பலகாரத்தில் அச்சு மை படக் கூடாது. எங்கள் கடையில் போட்டோஸ்டாட் கெட்டுப்போன தாள் நிறைய விழும். ஆனால் அதில் பாதி மைகார்ட் (அடையாள அட்டை) நகல், சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம். அதை அப்படியே பொட்டலத்தில் திணித்து ஊர் ஊராக அனுப்புவது யாருக்கும் நல்லதல்ல. எண் எதுவும் தெரியாதபடி நுணுக்கி அரைத்த தாள்தான் வெளியே போனது.

ஊறுகாய்க்கு முடிவு சுருக்கமாக: கண்ணாடியில் வேண்டாம். மரை மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல், மூடிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, மேலே இரண்டு சுற்று டேப்பு, அப்புறம் தனிப் பை, பெட்டியில் நிமிர்த்தி. முடிந்தால் ஊறுகாயை ஆள் மூலமாகக் கொடுத்தனுப்புவதே உத்தமம்.

சரிப்படாதவை

அரிசிப்பொரியை நிரப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. பூசைக்கு வாங்குகிற பொரிதான். எடையே இல்லை, மக்கிவிடும், விலையும் குறைவு. கேட்க நன்றாக இருந்தது. சோதனைக்குக் கட்டி, கடையின் பின்னறையில் ஓரிரவு வைத்தோம். காலையில் எறும்பு சாரை சாரையாகச் சுவரில் இருந்து பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கிடங்கில் எலி வேறு உண்டு. உணவை நிரப்புப் பொருளாகப் போடுவதென்றால், கச்சான் மாதிரி மூடிக் கட்டித்தான் போட வேண்டும்.

செம்பனைக் குலைச் சக்கையைக் கேட்டவரும் உண்டு. ஆலையில் பழம் எடுத்த பிறகு மலை மலையாகக் கிடக்கிறது, நாரை உலர்த்திப் போடலாமே என்றார். அதில் எண்ணெயும் ஈரமும் மிச்சம் இருக்கும்; வெயில் குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். தொழிற்சாலையில் கூழாக்கித் தாள் செய்ய அது ஏற்றது. சமையலறையில் உலர்த்திப் பலகாரத்தின் பக்கத்தில் வைக்க ஏற்றதல்ல. வைக்கோலும் வாழைநாரும் உள்நாட்டுக்குப் பரவாயில்லை, ஆனால் ஆஸ்திரேலியா போகிற பொட்டலத்தில் வைக்கோல் இருந்தால் அங்கே தடுப்பில் மாட்டிக்கொள்ளும்.

"மக்கும் பை" என்று அச்சடித்த கூரியர் பிளையர்களை (பொட்டலம் போடும் பிளாஸ்டிக் உறைகளை) ஒருவர் விற்க வந்தார். சாதாரணத்தை விட விலை கூடுதல். இந்த வகையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று சோளம் போன்ற பயிர்ச் சர்க்கரையில் இருந்து செய்யும் பி.எல்.ஏ. அது மக்க வேண்டுமானால் ஏறக்குறைய 60 பாகை வெப்பம் நிற்கிற தொழிற்சாலை உரக்கிடங்கு வேண்டும். எங்கள் ஊர்க் குப்பை போகிற இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இன்னொன்று ஆக்ஸோ வகை. அது மக்குவதில்லை, வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அதைத் தடை செய்துவிட்டது. விற்க வந்தவரிடம் எது என்று கேட்டோம். "இயற்கைப் பை" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

அதே சமயம், ஷாப்பி இணையக் கடையில் வாங்கிய சாமான் சுற்றி வந்த பிளையரும் பபள்ராப்பும் ஊரில் எல்லார் வீட்டிலும் குவிந்து கிடந்தது. கடை வாசலில் ஒரு பெட்டி வைத்து "பிளையர், பபள்ராப் இங்கே போடவும்" என்று எழுதி ஒட்டினேன். ஒரு வாரத்துக்குள் பெட்டி வழிந்தது. பிளையரை ஒட்டிய விளிம்பில் நிதானமாகக் கத்தரித்து, உள்ளே வெளியே திருப்பினால் சாம்பல் நிறத்தில் புதுப் பை. ஏற்கெனவே செய்த பிளாஸ்டிக்கை இன்னொரு தரம் ஓட்டுவது, புதிதாக மக்கும் பை வாங்குவதை விட நல்லது என்பது என் கட்சி. இதில் சிலருக்கு உடன்பாடில்லை. குழுவிலேயே ஒரு தங்கச்சி, பிளாஸ்டிக் ஒரு துண்டுகூட இல்லாமல் அனுப்ப வேண்டும் என்று நின்றார். 2017 முதல் சிலாங்கூரில் கடைப் பைக்கு 20 காசு வசூலிக்கிறார்கள், அதிலிருந்து துணிப்பையோடுதான் நடமாடுகிறார் அவர். சரி, செய்து பார்ப்போம் என்று அவருடைய பொட்டலத்தை முழுக்கத் தாளிலேயே கட்டினோம்.

அக்டோபர் மாதம் எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் இடி மழை. பொட்டலம் பினாங்கில் ஒரு வீட்டு கேட்டுக்கு உள்ளே வீசப்பட்டு, மழையில் அரை நாள் கிடந்தது. அட்டைக்கு ஈரம்தான் எமன். காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொட்டாலே பெட்டியின் தாங்கும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். நேரடியாக நனைந்தால் சொல்ல வேண்டியதில்லை. அதிரசம் தாளோடு ஒட்டி ஒன்றாகிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாப் பெட்டிக்கும் உள்ளே ஒரு பழைய, சுத்தமான பிளாஸ்டிக் பையை உறையாக விரித்து, வாயை முறுக்கிக் கட்டித்தான் அனுப்பினோம். அந்தத் தங்கச்சி முகம் சுளித்தார், ஆனால் அடுத்த பொட்டலத்துக்குப் பையை அவரே கொண்டு வந்தார்.

ஈரம் வெளியே இருந்து மட்டும் வருவதில்லை. சுட்ட முறுக்கைச் சூடாகவே டப்பாவில் போட்டு மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாக நின்று திரும்பச் சொட்டும். இரண்டே நாளில் நமத்துவிடும். தட்டில் பரப்பி முழுக்க ஆறிய பிறகுதான் அடைக்க வேண்டும். அதிரசம், பால் இனிப்பு, அல்வா எல்லாம் தூர ஊருக்குக் கூரியரில் வேண்டாம் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட்டார் பெரியக்கா.

மேலே சுற்றும் தாள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜிகினா ஒட்டியதும் அலுமினியப் பளபளப்பு ஏறியதும் தாள் மறுசுழற்சிக்குப் போகாது. கையில் கசக்கிப் பாருங்கள்: சுருண்டபடியே இருந்தால் தாள், திரும்ப விரிந்தால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. நாங்கள் எடுத்தது குதிரைக் காலண்டர். சமையலறைச் சுவரில் தொங்கும் அந்தப் பெரிய காலண்டரின் முடிந்த மாதத் தாள்தான். முதுகுப் பக்கம் வெள்ளை வெளேரென்று இருக்கும். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட்டுப் பழகியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தாமான் பிள்ளைகள் அந்த வெள்ளையில் கோலம் வரைந்து கொடுத்தார்கள். ரிப்பனுக்குப் பதில் பழைய புடவை ஓரம். அழகாகவே இருந்தது.

வாங்குகிறவர் பக்கம்

ஜொகூரில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது சட்டம். சிலாங்கூர் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை, அதனால் அனுப்புகிற நமக்கு இது நினைவுக்கே வருவதில்லை. அட்டை தனியாக, பிளாஸ்டிக் தனியாக வைக்க வேண்டிய ஒருவருக்கு, அட்டையெல்லாம் டேப்பால் பத்துச் சுற்றுச் சுற்றி அனுப்பினால் உரித்து உரித்து நகம் போய்விடும். பெட்டியின் நடுக்கோட்டில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, மேலும் கீழும் இதே மாதிரி. இதற்கு மேல் டேப்பு வலுச் சேர்ப்பதில்லை. நுனியை ஒரு விரல் அகலம் மடித்து விட்டால் இழுத்ததும் வந்துவிடும்.

ஊரில் வேறொரு பழக்கம்: பொட்டலத்தைப் பிரித்த கையோடு பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்துவது. லயத்துக் காலத்துப் பழக்கம். திறந்த வெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஜிகினாத் தாளும் பபள்ராப்பும் எரிகிற புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தைதான்.

ஒரே பெட்டி, ஐந்து வீடு

பெட்டியைச் சுருக்கியதற்கு அடுத்தபடி காசு மிச்சமானது சேர்த்து அனுப்பியதில். எல்லாக் கூரியரிலும் முதல் கிலோவுக்குத்தான் விலை அதிகம், அடுத்தடுத்த கிலோ மலிவு. ஜொகூர் பாருவில் ஒரே வட்டாரத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர். தனித்தனியாக ஐந்து பெட்டி போவதற்குப் பதில், ஐந்து டப்பாவிலும் பேர் எழுதி ஒரே பெட்டியில் ஒருவர் வீட்டுக்கு அனுப்பினோம். மற்றவர்கள் வேலை முடிந்து போய் வாங்கிக்கொண்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்து ஜொகூரில் தங்குகிறவர்களுக்கும் இது வசதி, எல்லை தாண்டும் பாரம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. பேர் மட்டும் தெளிவாக எழுத வேண்டும். ஒருவருடைய நெய் உருண்டை இன்னொருவர் வீட்டுக்குப் போய், அதற்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

பிந்துலுவுக்கு விமானத்தில் போவதற்கும் கப்பலில் போவதற்கும் விலையில் நல்ல வித்தியாசம். புகையில் அதைவிடப் பெரிய வித்தியாசம். கப்பல் மெதுவாகத்தான் போகும். அதனால் சரவாக் ஆர்டருக்கு மட்டும் முறுக்கு, ஓமப்பொடி, கச்சான் என்று நாள்படத் தாங்குகிறவற்றை எடுத்து, ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே அனுப்பினோம். பெரியக்காவுக்கு இது பிடிக்கவில்லை. தீபாவளிப் பலகாரம் என்றால் அந்த வாரத்தில் சுட்டதாக இருக்க வேண்டும் என்பார். எண்ணெய் காறல் எடுப்பதைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். வெளிச்சமும் காற்றும் சூடும் சேர்ந்தால் பொரித்த பலகாரம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். புது எண்ணெயில் சுட்டு, டப்பாவை விளிம்பு வரை நிரப்பிக் காற்றுக்கு இடமில்லாமல் மூடி அனுப்பினோம். அங்கிருந்து குறை எதுவும் வரவில்லை. ஆனாலும் அவருடைய முகத்தில் திருப்தி வரவில்லை.

2025 முடிந்தபோது

எங்கள் கடை முகப்பில் ரசீதுச் சண்டை ஏறக்குறைய ஓய்ந்தது. குழுவின் பொட்டலங்களில் கன எடைக்குக் காசு கட்டியவை அரிது. பெரும்பாலும் தராசு எடைதான். பபள்ராப் புதிதாக ஒரு சுருள்கூட வாங்கவில்லை. கைமுறுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது என்று படம் எடுத்து அனுப்பினார்கள். அச்சு முறுக்கு மட்டும் இன்னும் சரிப்படவில்லை. அந்த மெல்லிய பூவை என்ன செய்தாலும் ஓர் இதழ் உடைகிறது. முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். உடையவில்லை, ஆனால் பெட்டி மறுபடி பெரிதாகி, காற்றுக்குக் காசு கட்டும் பழைய கதைக்கே வந்துவிட்டது. தூர ஊர்களுக்கு அச்சு முறுக்கு ஆர்டர் எடுப்பதில்லை என்று இப்போதைக்கு முடிவு.

டப்பா திரும்பி வருவதுதான் மிச்சம் இருக்கும் சிக்கல். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்; கொண்டுவந்தவருக்கு அடுத்த ஆர்டரில் ஓமப்பொடி ஒரு பொட்டலம் இனாம். சிலர் கொண்டு வந்தார்கள், சிலர் அதில் சாம்பார் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்கள்.

2026இல் தீபாவளி நவம்பர் 8. மழைக்காலம் நெருங்கிவிடும், அதோடு அந்த வாரத்தில்தான் 11.11 (நவம்பர் 11) இணைய மலிவு விற்பனைக்கான சரக்குகள் கூரியர் கிடங்குகளை அடைக்கத் தொடங்கும். அதனால் அக்டோபர் 10ஆம் தேதி மலிவு விற்பனையின் நெரிசல் தணிந்த கையோடு, நவம்பர் பிறக்கும் முன் எல்லாப் பொட்டலமும் கிளம்பிவிட வேண்டும் என்று திட்டம். தவுக்கேயிடம் பால் டின் பெட்டிக்கு இப்போதே சொல்லி வைத்தாயிற்று.